புயல் கூண்டும் கைப்பேசியும்: வங்கக் கரையில் வானிலைச் செய்தியின் வரலாறு

1864ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் தாக்கிய இரு புயல்கள் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்ற பின்னரே, வங்கக் கடலில் எழும் புயலை முன்னறிந்து துறைமுகங்களுக்குத் தெரிவிப்பது அரசின் கடமை என்னும் எண்ணம் பிரிட்டிஷ் ஆட்சியில் உறுதிப்பட்டது. அடுத்த ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்கென எச்சரிக்கை முறை ஒன்று ஏற்பட்டது. 1875இல் ஹென்றி பிளான்ஃபோர்டின் பொறுப்பில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியதும், கரையோர நிலையங்கள் தந்தியில் அனுப்பிய காற்றழுத்த அளவுகளை ஓரிடத்தில் திரட்டிப் புயலின் போக்கைக் கணிக்கும் வழக்கம் படிப்படியாகப் பிற துறைமுகங்களுக்கும் பரவியது.

தமிழகக் கரையில் இந்த ஏற்பாடு மக்கள் கண்ணுக்குத் தெரிந்த வடிவம் புயல் எச்சரிக்கைக் கூண்டாகும். துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகளையும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளையும் ஏற்றி, ஒன்று முதல் பதினொன்று வரையிலான எண்களால் ஆபத்தின் அளவை உணர்த்தினர். தொலைதூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதை ஒன்றாம் எண் குறித்தது. கடும்புயல் துறைமுகத்தின் மீதோ அதற்கு மிக அருகிலோ கரையேறும் என்பதைப் பத்தாம் எண் குறித்தது. பதினோராம் எண்ணின் பொருளோ, வானிலை மையத்துடனான தொடர்பு அறுந்துவிட்டது என்பது. செய்தி வரவில்லை என்பதையும் ஒரு செய்தியாகக் கருதி, அதற்கென்று தனி அடையாளம் வகுத்து மக்கள் முன் உயர்த்திக் காட்டிய அந்த நேர்மை, பின்வந்த ஊடகங்களில் காணக் கிடைக்காத ஒன்று.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கிய பின், கரைக்கு வந்து கூண்டைப் பார்க்க முடியாதவர்களுக்கும் எச்சரிக்கை எட்டும் வழி பிறந்தது. எனினும் 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையே கடலுக்குள் அடித்துச் சென்றது. அதன்பின் ரேடாரும் செயற்கைக்கோளும் தொலைக்காட்சியும் வந்தன. நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் எஸ். ஆர். ரமணன் திரையில் தோன்றினால் மழை நிச்சயம் என்று வீடுகளில் நம்பிய காலத்திலும், சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர் என்ற பழைய ஒழுங்கு மாறவில்லை.

அந்த ஒழுங்கு சென்னையில் 2015 டிசம்பர் 1, 2 தேதிகளின் பெருமழையில் குலைந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 494 மில்லிமீட்டர் மழை கொட்டி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர அடையாற்றின் கரையோரப் பகுதிகள் மூழ்கின. அச்சகத்துக்குப் பணியாளர்கள் செல்ல இயலாமல் தி இந்து ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு நீர், எங்கே படகு தேவை, எந்த மண்டபத்தில் உணவு கிடைக்கும் என்பதையெல்லாம் ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சொல்லின. தமிழ்நாடு வெதர்மேன் போன்ற தனியாரின் பக்கங்கள், ரேடார் படத்தை வைத்துப் பகுதி பகுதியாக மழையை விளக்கி, வானிலை அறிவைப் பொதுச்சொத்தாக்கின. இது வங்கக் கரையின் எச்சரிக்கை வரலாற்றில் மெய்யான முன்னேற்றம். ஆனால் நாசாவின் பெயரில் பொய்யான பெருமழைக் கணிப்பும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற வதந்தியும் அதே வழியில், அதே வேகத்தில்தான் பரவின.

அந்த நாட்களிலேயே, இம்மழைக்குப் பருவநிலை மாற்றமே காரணம் என்ற கூற்றும் வலுவாகப் பரவியது. வானிலை என்பது ஒரு நாளின் அல்லது ஒரு வாரத்தின் நிலை. பருவநிலை என்பது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் சராசரிப் போக்கு. தனியொரு மழையை அந்த நீண்ட போக்கோடு இணைப்பதற்குக் காரணப் பகுப்பாய்வு என்னும் முறை உண்டு: அதே அளவு மழை பெய்வதற்கான வாய்ப்பு, புவி வெப்பமடைந்த இன்றைய உலகில் எவ்வளவு, வெப்பமடையாத உலகாக இருந்திருந்தால் எவ்வளவு என்று பழைய பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் கொண்டு ஒப்பிடுவதே அது. சென்னை மழையை இவ்வாறு ஆராய்ந்த கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க் குழுவினரின் கட்டுரை, அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் ஓராண்டு கழித்து, 2016 டிசம்பரில் வெளிவந்தது. புவி வெப்பமடைதலின் தாக்கம் எதையும் இம்மழையில் கண்டறிய முடியவில்லை என்பது அதன் முடிவு. அதே மாதம் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்திருந்ததால், ஊரின் பேச்செல்லாம் வேரோடு சாய்ந்த மரங்களைப் பற்றியதாக இருந்தது.

ஆய்வு ஓராண்டு எடுத்துக்கொண்டது குற்றமன்று. அத்தகைய கேள்விக்கு அவ்வளவு காலம் வேண்டும். குறை, சமூக ஊடகத்தில் பதினோராம் எண் கூண்டுக்கு ஈடாக எதுவும் இல்லாததே. இன்னும் தெரியவில்லை என்று சொல்லும் பதிவு எவராலும் பகிரப்படாமல் அமிழ்ந்துபோக, உறுதியாகச் சொல்லும் பதிவே, அது சரியோ தவறோ, மேலெழுகிறது. பழியெல்லாம் வானத்தின் மீது விழும்போது, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுருக்கியவர்களும் ஆற்றோரத்தில் கட்டட அனுமதி தந்தவர்களும் கேள்வியிலிருந்து தப்பிவிடுகின்றனர். வெள்ளத்தில் மனிதத் தவறுகளின் பங்கைச் சுட்டிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 2016 ஆய்வைப் பருவநிலை மாற்றத்தை மறுப்பதற்கான சான்றாகக் கொள்வதும் பிழையே. வங்கக் கடலின் மேற்குப் பகுதியில் கடற்பரப்பு எதிர்பார்த்த அளவுக்கு வெப்பமடையாமல் இருந்ததையும், காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்துப் பசுங்குடில் வாயுக்களின் வெப்பத்தை இதுவரை ஈடுசெய்திருக்கக்கூடும் என்பதையும் அது சேர்த்தே கூறியது. காற்று தூய்மையாகும்போது அந்தத் துகள்கள் குறையும், அவை மறைத்துவைத்திருந்த வெப்பம் வெளிப்படும் என்பதால், சென்னைக்கு அந்த ஆய்வின் முடிவைவிடவும் அதில் இடம்பெற்ற ‘இதுவரை’ என்ற வரம்பே பெரிய செய்தியாக இருந்தது.