செக்ரோலில் பாட்டியின் பேர்

பதுளை நகரில் உள்ள புனித மாற்கு ஆலயம் ஒரே ஒரு மனிதரின் நினைவாக எழுந்தது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர், பாதைகள் வெட்டியவர், யானை வேட்டையில் பேரெடுத்தவர். 1845 ஜூன் 7-ம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருக்கு நுவரெலியாவில் கல்லறை, பதுளையில் ஆலயம். அவருக்குப் பின்வந்த கோப்பித் துரைமாரையும் ஏடுகள் கைவிடவில்லை. பென்றி லூயிஸ் இலங்கைக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913-ல் நூலாக்கினார். பெர்கியூசன் குடும்பத்தார் வெளியிட்டு வந்த இலங்கை டிரெக்டரியில் தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமையாளர், துரை என்று வரிசையாக அச்சாயிற்று. ஹேர்பர்ட் வைட் 1893-ல் ஊவா மாகாணத்துக்கென்றே ஒரு கைநூல் எழுதினார். பசறைக்கும் பிபிலைக்கும் நடுவே லுணுகலை மலைகளில் காடழித்துத் தோட்டம் போட்ட ஓர் ஆங்கிலேயரின் வம்சத்தைத் தேடுகிறவருக்கு, ஆக, நூலகத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். அந்தக் காட்டை உண்மையில் வெட்டியவரின் வம்சத்தை எங்கே தேடுவது? இந்த இதழில் அதற்கு ஒரு வழி சொல்லப்போகிறேன். அது வழக்கமான வழிக்கு எதிர்த்திசையில் போவது: தோட்டக் குடும்பமொன்றின் கொடிவழியை ஆவணத்தில் பிடிக்க வேண்டுமானால் தந்தைவழியை நம்பி இறங்கக்கூடாது, தாயின் பேரைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 2023-ல் மலையகத் தமிழர் வருகையின் 200-வது ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். ஒரு சமூகத்தின் கணக்காக அந்த 200 சரி. ஒவ்வொரு குடும்பமும் அதைத் தன் வீட்டுக் கணக்காகச் சொல்லிக்கொள்வதற்குத்தான் சான்று போதாது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் மாதங்களுக்கு. பெரும்பாலானோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்துவந்து, பறித்து முடித்துத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு அதே தோட்டத்துக்கு அதே ஆள்தான் வந்தார் என்று காட்ட எந்த ஏடும் இல்லை. லுணுகலையின் அண்டை மலையான மடுல்சீமையில்தான் 1869-ல் கோப்பி இலைநோய் முதன்முதலில் கண்ணில் பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பி சாய்ந்தது; 1884-ல் ஓரியண்டல் வங்கி முறிந்தது; தோட்டங்கள் கைமாறின. பிறகு வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கை வேண்டும். அப்போதுதான் குடும்பம் குடும்பமாகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தங்கத் தொடங்கினார்கள். எனவே லுணுகலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று “கோப்பிக் காலத்திலேயே வந்தோம்” என்று சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஏட்டில் கைக்குப் பிடிபடும் கிளை அநேகமாகத் தேயிலைக் காலத்தில்தான் தொடங்கும்.

தந்தைவழியை நம்பாதே என்று சொல்லக் காரணம், அந்த வழியில் தேடச்சொல்லி ஒரு நாடே கட்டாயப்படுத்திப் பார்த்ததுதான். 1948-ன் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்குமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. இந்தக் கேள்வி சட்டப் புத்தகத்தோடு நிற்கவில்லை. இலங்கைப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தகப்பன் விவரம், தாய் விவரம், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கூடு. அவற்றுக்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், ஆண்டு, இடம். தோட்டத்துப் பிள்ளைகளின் சான்றிதழ்களில் இந்தக் கடைசிக் கூடுகளில் பெரும்பாலும் ஒரு கோடுதான் இழுத்திருக்கும். வம்சம் இல்லாததால் வந்த கோடு இல்லை அது. பூட்டன் பிறந்தபோது அந்தப் பிறப்பை எழுதிவைக்க எவரும் அக்கறைப்படவில்லை. பிற்காலத்தில் எழுத்துச் சான்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

தகப்பன்வழி எழுத்தில் ஏன் அடிக்கடி அறுகிறது? ஆண்களின் பேரை எழுதிவைக்க நோக்கம் கொண்டிருந்தது பெரும்பாலும் கடன்தான். ஆள் திரட்டி வந்து மேய்த்த கங்காணியின் கையில் கடன் கணக்கு. தோட்டம் மாறப் போனால் “இவ்வளவு கட்டினால் விடுவிக்கிறேன்” என்று துரை எழுதித்தரும் துண்டு. 1921-ல் துண்டுமுறை ஒழிக்கப்படும்வரை ஒரு கோஷ்டியே மொத்தமாக ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறும். கடனுக்குப் பயந்து இரவோடு இரவாகப் போனவன் அடுத்த தோட்டத்தில் வேறு பேர் சொல்லிப் பதிந்துகொள்வதும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரச்சீட்டு, தோட்டத்தைக் காட்டும் எண் பொறித்த சிறு வில்லை. ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அது சொன்னது. அவன் யார் மகன் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 1904-ல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் அமைந்து, தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம் வைத்துப் பதிந்து அனுப்பிய பிறகுதான் ஊர்ப்பேர் ஒழுங்காக எழுத்தில் ஏறுகிறது. முசிறியா, நாமக்கல்லா, புதுக்கோட்டையா என்பது தெரிந்தாலும் மறுகரையில் தேடல் சுலபமாகிவிடாது. ஊரில் நிலமிருந்தவர் பேர்தான் பட்டாவில் இருக்கும். நிலமில்லாததால் கப்பலேறியவரின் பேர் அதில் எப்படி இருக்கும்?

பெண்ணின் பேர் எழுதப்பட்டதற்குக் காரணம் கூலி. தேயிலைத் தோட்டத்தின் முதுகெலும்பு கொழுந்து. கொழுந்து பெண்களின் கையில். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற ஒவ்வொருத்தியின் பேரும் தோட்டத்துச் சம்பள ஏடான செக்ரோலில் தனி வரியாக ஏறியாக வேண்டும். கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் பென்ஸ் காசு உண்டு. ஒருத்தியின் பேரை விட்டால் அவருக்கு நட்டம். 1927-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929-ல் உயர்மலைத் தோட்டங்களுக்கு விதித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. ஒரே மலையில் ஒரே வெயிலில் நின்றவளுக்கு 11 சதம் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அவளைத் தனியாக எழுத வேண்டியதாயிற்று. அநியாயமான கணக்குத்தான், இன்று தேடுகிறவருக்கு அதைவிட நல்ல கணக்கு இல்லை. சம்பளத்தன்று காசை வாங்கியவன் புருஷனாக இருக்கலாம், வாங்கிய காசுக்கு எதிரே இருந்த பேர் அவளுடையது. 1931-ல் டொனமூர் சீர்திருத்தம் வந்து வயதுவந்தோர் வாக்குரிமை கிடைத்தபோது, தகுதி காட்டிய தோட்டத்துப் பெண்களும் வாக்காளர் இடாப்பில் ஏறினார்கள். 1939-ல் பிரசவச் சகாயச் சட்டம் வந்தது. பிள்ளைப்பேற்றுக் காசு கொடுக்கத் தாயின் பேரும் பிரசவத் திகதியும் வேண்டும். அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் கூலிக்குப் போன ஒரு பெண்ணின் பேர் எத்தனை ஏட்டில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும்.

தோட்டத்துப் பிறப்புப் பதிவிலும் இதே நிலைதான். பிறப்பையும் இறப்பையும் அறிவிப்பது துரையின் கடமை. பிள்ளை பெற்றவள் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை; தகப்பன் விஷயத்தில்தான் சிக்கல். கோயிலடியிலோ லயத்து வாசலிலோ தாலி கட்டியவர்களில் பலர் பதிவாளரிடம் போகவில்லை. அதனால் “பெற்றோர் விவாகம் செய்தவர்களா” என்ற கூட்டில் “இல்லை” என்று விழுந்தது; சில பதிவுகளில் தகப்பன் பேரே விடுபட்டது. ஊரறிய வாழ்ந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 1948-ன் அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது: விவாகத்துக்கு வெளியே பிறந்தவரைப் பொறுத்தவரை தகப்பன், தகப்பன்வழிப் பாட்டன், பூட்டன் என்று வரும் இடங்களில் தாய், தாய்வழிப் பாட்டன், பூட்டன் என்று வாசித்துக்கொள்ள வேண்டும். தகப்பன்வழியைத் தவிர வேறொன்றும் செல்லாது என்று கதவைச் சாத்திய சட்டம், பின்கட்டில் தாய்வழிக்கு ஒரு திட்டிவாசலைத் திறந்துதான் வைத்திருந்தது. அந்த வாசலால் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது வேறு கதை. ஒரு கொடிவழியை நிறுவத் தாயின் பேர் போதும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது என்பதுதான் நமக்கு வேண்டியது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, பேர்கள். ஒரு டிவிஷன் செக்ரோலில் மாரியாயி நான்கு பேர், காளியம்மா ஆறு பேர், ராமாயி மூன்று பேர் இருந்தால் யாரென்று பிரிப்பது? ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர் ஒரே பேரை மூன்று விதமாக எழுதியிருப்பார். உண்மைதான். ஆனால் ஆண்களிலும் ராமசாமிக்கும் முத்தையாவுக்கும் பஞ்சமில்லை. பெண் வரிக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: ஒரே பேர்க்காரிகளைப் பிரித்தறியக் கணக்கப்பிள்ளைக்கு எந்தக் கங்காணியின் ஆள், யாருடைய பெண்சாதி, யாருடைய மகள் என்ற குறிப்பு தேவைப்பட்டது. அந்தக் குறிப்புதான் இரண்டு குடும்பங்களைச் சேர்க்கும் முடிச்சு.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பெண் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போய்விடுகிறாள்; ஆண்தான் பிறந்த லயத்தில் இருக்கிறான்; தாய்வழி ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தோட்டம் தாண்டினால் எந்தக் கச்சேரியில் போய்த் தேடுவது? இதற்கு நம் கல்யாண முறையே விடை. மாமன் மகள், அத்தை மகன் என்று முறைக்குள் கட்டும் குடும்பத்தில் ஒரு தலைமுறையில் தாயின் அண்ணனாக இருப்பவர் அடுத்த தலைமுறையில் மாமனாராக அதே ஆவணத்தில் மறுபடி வருகிறார். லுணுகலைப் பக்கத்து ஹொப்டன் தோட்டத்தில் பிறந்தவளை அடாவத்தைத் தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தால், அவள் மகளோ மருமகளோ ஒருத்தி திரும்ப ஹொப்டனுக்கு வருவது அதிசயமில்லை. தகப்பன்வழியை மட்டும் பிடித்துப் போகிறவர் இந்தத் திரும்புதலைக் காண மாட்டார். அவருக்கு ஒரு பேர் அறுந்தால் தேடல் அறுந்தது. தாயின் பேரையும் எழுதிக்கொண்டு போகிறவருக்கு ஒரே ஆளைச் சரிபார்க்க இரண்டு தடம் கிடைக்கும்.

மூன்றாவதாக, தொண்டமான் குடும்பத்தைக் காட்டி, தகப்பன்வழி தெளிவாகத் தெரியவில்லையா என்று கேட்பார்கள். முனப்புதூரிலிருந்து வந்த கருப்பையா கங்காணியாகி, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கினார். மகன் சௌமியமூர்த்தி அமைச்சரானார். தெரிகிறதுதான். ஏனென்றால் அங்கே உறுதிப் பத்திரம் இருந்தது, சொத்து இருந்தது, பின்னாளில் சுயசரிதையும் இருந்தது. சொத்து இருந்தால் தகப்பன்வழி தானே எழுத்தில் நிற்கும். லுணுகலை லயங்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அது வாய்க்கவில்லை. விதிவிலக்கை வைத்து விதி செய்யக்கூடாது.

செக்ரோல்கள் இன்று எங்கே என்று கேட்டால்தான் நான் சற்றுத் தயங்க வேண்டும். 1975-ல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-ல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போயிற்று. இரண்டு கைமாற்றத்திலும் பழைய சம்பளப் புத்தகத்தைக் குடும்ப வரலாறாகப் பார்த்தவர் குறைவு. ஆனால் செக்ரோல் சொன்னதை இன்னொரு கோவை பிரதி எடுத்து வைத்திருக்கிறது. 1949-ன் 3-ம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் 1951 ஆகஸ்ட் 5-க்குள் சுமார் 2,37,000 மனுக்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் சுமார் 8,25,000 பேர். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. விவாகமானவருக்கு ஏழு ஆண்டு, ஆகாதவருக்குப் பத்து ஆண்டு தொடர் வதிவு கேட்ட அந்தச் சட்டம், மனுதாரரின் மனைவி கல்யாணமான முதல் ஆண்டு நிறைவுக்குள்ளிருந்தே இலங்கையில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. ஆகவே விசாரணை அவள் எப்போது வந்தாள், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தாள், தலைப்பிள்ளைக்கு இந்தியா போனாளா, எப்போது திரும்பினாள் என்று சுற்றியது. தள்ளப்பட்ட மனுக்கள் பல அவளுடைய பயணத்தால் தள்ளப்பட்டவை. வம்சம் தேடுகிறவருக்கு வென்ற மனுவைவிடத் தோற்ற மனுவில்தான் விஷயம் அதிகம் இருக்கும் என்பது என் கருத்து. சந்தேகப்பட்ட அதிகாரி நிறையக் கேள்வி கேட்பார், பதில்களும் கோவையில் சேரும்.

1964 ஒக்டோபர் 30-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அக்காவும் தங்கையும் இரு கரையில் ஆனார்கள். அனுப்பப்பட்டவர்களுக்குக் கண்டியில் இந்திய உதவித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது எல்லாம் ஒரே தாளில் இருக்கும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அந்த அட்டையை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதில் மனைவி என்று எழுதப்பட்டவளின் பேரையும் வயதையும் எடுத்து, ஊவாவின் பிறப்புப் பதிவில் அந்த ஆண்டையும் அதற்கு முன்பின் இரண்டு ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். வயதை அண்ணளவாகச் சொல்வதே வழக்கம். அவள் பதிவில் அவள் தாயின் பேர் இருக்கும். அந்தத் தாயைத் தேடி வாக்காளர் இடாப்புக்கும், அங்கிருந்து 1949 மனுவுக்கும், வாய்த்தால் மண்டபம் பதிவுக்கும் போகலாம். இந்த வழியில் 1900-க்கு அண்மைவரை போய்ச் சேர்வது நடக்கக்கூடிய காரியம். அதற்கு முன்னால் குடிசனக் கணக்கு அறிக்கைகள் எத்தனை பேர் என்று சொல்லும், யாரென்று சொல்லாது. அங்கே கங்காணியின் கோஷ்டிதான் ஆவணத்தின் அலகு. அந்தக் கோஷ்டிகளை எப்படி வாசிப்பது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.