ஒரு ரூபாய் உடம்பில் இரண்டு ரூபாய்

காசு பிரிக்கும் மெஷினுக்குக் கண் கிடையாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் விட்டம், தடிமன், எடை, உலோகம். சாதாரண மெஷினில் சரிவான ஒரு தடம் இருக்கும். அதில் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் துளைகள். உருண்டு வரும் காசு, தான் நுழையக்கூடிய முதல் துளையில் விழுந்துவிடும். கிட்டத்தட்ட சல்லடை வேலைதான். விலை கூடிய மெஷினில் தடத்தை ஒட்டி மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள் இருக்கும். காசு கடக்கும்போது அதன் காந்தப்புலம் மாறுகிற அளவை வைத்து எஃகா, பித்தளையா என்று தெரிந்துகொள்ளும்.

இதெல்லாம் நடக்க, காசு உருளணும். நம்ம பழைய காசுகள் பலதும் உருளாது. இரண்டணா சதுரம், ஓரணாவுக்கு நெளிநெளியான ஓரம். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தபோதும் 5 பைசா சதுரம்தான்; 2, 10 பைசாக்களுக்கு நெளி ஓரம். 1964-ல் வந்த 3 பைசா அறுகோணம். எல்லாமே விரலுக்காகச் செய்த காசுகள். இருட்டில் சுருக்குப்பைக்குள் கையை விட்டாலே எது என்னன்னு தெரிஞ்சிடும்.

1988 முதல் வட்டமான எஃகுக் காசுகள் வந்தன. 25 பைசா 19 மி.மீ., 50 பைசா 22 மி.மீ. 1992-ல் வந்த 1 ரூபாய் 25 மி.மீ., எடை 4.85 கிராம். அளவு ஏற ஏற மதிப்பும் ஏறியது.

2011 ஜூன் 30-ஓடு 25 பைசாவும் அதற்குக் கீழே இருந்தவையும் செல்லாமல் போயின. அதை ஒட்டி ₹ குறியோடு வந்த புது வரிசையைப் பாருங்க: 50 பைசா 19 மி.மீ., 1 ரூபாய் 22, 2 ரூபாய் 25. ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய காசின் உடம்புக்குள் இறங்கிவிட்டது. புது 2 ரூபாயின் எடையும் அதே 4.85 கிராம். உலோகமும் காந்தத்தில் ஒட்டும் அதே வகை எஃகு.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, ஒரே கீ-க்கு ரெண்டு வேல்யூ. பழைய காசும் செல்லும் என்பதால் ரெண்டும் ஒண்ணாவே புழங்குது. துளை வைத்த மெஷினும் கம்பிச்சுருள் மெஷினும் இதைப் பிரிக்க முடியாது. முத்திரையைப் படம் பிடித்துப் பார்த்தால்தான் உண்டு. மெஷின் தப்பா எண்ணினால் திரும்ப எண்ணலாம். கண்டமங்கலம் மெயின் ரோட்டில் பொழுது சாய்ந்த பிறகு பூ விற்கிற அம்மா 2 ரூபாயை 1 ரூபாய்னு கொடுத்துட்டா, அது போனதுதான். பார்வை இல்லாதவருக்குப் பகலிலும் இதே கதி.

2019 மார்ச்சில் வெளியான வரிசை இதைச் சரிசெய்யப் பார்த்தது. 1 ரூபாய் 20 மி.மீ., 2 ரூபாய் 23, 5 ரூபாய் 25, 10 ரூபாய் 27. மதிப்போடு எடையும் கூடும். பார்வையற்றவர்களை மனதில் வைத்தே இப்படி அமைத்தார்கள். 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம்: விரலுக்கும் தெரியும், மெஷினிலும் உருளும். ஆனா 1992-ம் 2011-ம் இன்னும் கல்லாப்பெட்டியில் கலந்துதான் கிடக்கின்றன. அதுவரைக்கும் 25 மி.மீ. எஃகுக் காசு கைக்கு வந்தால், ஒருமுறை திருப்பிப் பார்த்துட்டுக் கொடுங்க.