பூகம்பம் எழுப்பிய வினா

1934ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் பிற்பகலில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேரும் முசபர்பூரும் இடிபாடுகளாயின. மாண்டோர் தொகை 10,000ஐக் கடந்தது. நெடுந்தொலைவிலுள்ள கல்கத்தாவிலும் செயின்ட் பால் தேவாலயத்தின் கோபுரம் சரிந்தது. கிழக்கிந்தியாவில் குடியேறிய நம்மவருள் சிலர், முந்திய தலைமுறையினர் வாயிலாக இச்செய்தியைக் கேட்டிருக்கக்கூடும்.

இடிபாடுகளைப் பலர் எண்ணினர். மக்கள் பேசிக்கொண்டதை எண்ணிப் பார்த்தவர் ஜமுனா பிரசாத் என்னும் இந்திய உளநூலறிஞர். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் காணாத பகுதிகளில் உலவிய வதந்திகளை அவர் திரட்டினார். கங்கை நீர் மறைந்தது, நீராடியோர் மணலில் புதைந்தனர் என்றது ஒன்று. பாட்னாவைக் கடும் புயல் தாக்கும் என்றது மற்றொன்று. சந்திர கிரகணத்தன்று மீண்டும் பூமி அதிரும் என்றும் பேசினர். இவற்றை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1935இல் பிரிட்டிஷ் உளநூல் இதழில் வெளிவந்தது.

அஞ்சியவன் ஆறுதலையன்றோ நாட வேண்டும்? மேலும் அச்சம் தரும் செய்தியை ஏன் நாடினான்? பாமரரின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது, அது விடையாகாது.

அமெரிக்க உளநூலறிஞர் லியான் ஃபெஸ்டிங்கர் இவ்விடத்திலேதான் நின்றுவிட்டார். உடல் நடுங்குகிறது, கண்முன்னே வீடுகள் நிற்கின்றன. 'அஞ்சுகிறேன்' என்னும் அறிவும், 'அஞ்சுதற்கு ஏதுமில்லை' என்னும் அறிவும் ஒன்றோடொன்று ஒவ்வா. அச்சமோ விட்டு நீங்காது. ஆகவே அதற்குத் தக்க காரணத்தை உள்ளம் படைத்துக்கொள்கிறது. வதந்தி அச்சத்தை விளைக்கவில்லை. முன்பே இருந்த அச்சத்தை நியாயப்படுத்திற்று. இவ்வொவ்வாமையையே 'காக்னிட்டிவ் டிஸ்ஸனன்ஸ்', அதாவது அறிதல் முரண்பாடு, என்று பெயரிட்டு 1957இல் நூல் செய்தார். தம் கருத்துக்கு வித்து பீகார் வதந்திகளே என்று அவர் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். ஆயினும் பெயரிட்டவரை அறிந்த அளவு, திரட்டியவரை நாம் அறியோம். இது நம் குறையேயாகும்.

எதிர்ச்சான்றும் நம் நாட்டிலேயே கிடைத்தது. 1950இல் டார்ஜிலிங்கில் மலைச்சரிவுகள் நேர்ந்தன. அங்குள்ள பேச்சுகளைத் துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்து, 1952இல் வெளியிட்டார். அழிவைக் கண்ணாரக் கண்டோரிடையே, இதனினும் கொடியது வரும் என்னும் வதந்திகள் எழவில்லை. அவர்தம் அச்சத்துக்குக் காரணம் எதிரே கிடந்தது!

இனி அளவை. உள்ளத்தின் முரண்பாட்டை எண்ணால் குறிக்க இயலுமா? 1959இல் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைத் தந்தனர். பின், அது சுவையானதென்று அடுத்தவரிடம் பொய் கூறச் செய்தனர். சிலருக்குக் கூலி 1 டாலர். சிலருக்கு 20 டாலர். பிறகு, வேலை எவ்வளவு இனித்தது என்பதை -5 முதல் +5 வரையுள்ள அளவுகோலில் குறிக்கக் கேட்டனர். 20 டாலர் பெற்றோரின் சராசரி -0.05, 1 டாலர் பெற்றோருடையது +1.35! பெருங்கூலி பொய்க்குப் போதிய காரணமாயிற்று. சிறுகூலி போதாமையால், பொய்யுரைத்தோர் அதனைத் தாமே மெய்யென்று கொள்ளத் தலைப்பட்டனர்.

மறுத்தோரும் உண்டு. பிறர் நடத்தையைக் கண்டு அவர் உள்ளத்தை ஊகிப்பதுபோலவே தன் உள்ளத்தையும் மனிதன் ஊகிக்கிறான், இதில் பதற்றம் எதற்கு என்று 1967இல் டாரில் பெம் வாதிட்டார். 1974இல் ஜன்னாவும் கூப்பரும் மருந்தற்ற வெறும் மாத்திரையைச் சிலருக்குக் கொடுத்து, இது பதற்றம் தரும் என்றனர். பின் தம் கொள்கைக்கு மாறாக எழுதச் செய்தனர். பதற்றத்தின் பழி மாத்திரைமேல் விழுந்தது. அவர்கள் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. மாத்திரை ஒன்றும் செய்யாது எனக் கேட்டவர்களே மாற்றிக்கொண்டனர்.