கயிறும் சாவியும்

கோயில் மணி யாருக்குச் சொந்தம்? கோபுரத்துச் சாவியை வைத்திருப்பவருக்கா, கயிற்றைப் பிடித்திருப்பவனுக்கா? இங்கிலாந்துத் தேவாலயங்களின் சரித்திரத்தைப் படித்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அங்கே ஒவ்வொரு மணியும் ஒரு பெரிய சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கயிற்றை இழுத்தால், மணி வாய் மேல்நோக்க எழும்பி ஒரு முழு வட்டம் சுற்றும். மணிக்கு ஓர் ஆள். ராகம் வாசிப்பதில்லை, மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஏழு மணிகளை 5040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒரு வரிசைகூடத் திரும்ப வராமல் அத்தனையையும் அடித்து முடிக்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். 1715-ல் நார்விச் நகரத்து ஆட்கள் இதைச் சாதித்துக் காட்டினார்கள். கையில் காகிதம் கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

இப்படி ஒரு வித்தை கைவந்தவனுக்குக் கொஞ்சம் கர்வம் வராமல் இருக்குமா? பதினெட்டாம் நூற்றாண்டில் குருமார் பலர் மணிக்கூண்டுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அது மணியடிப்பவர்களின் ராஜ்யமாகிவிட்டது. பீர் ஜாடிகள் படியேறின. காசு கொடுத்தால் தேர்தல் வெற்றிக்கும் மணி முழங்கிற்று. ஆராதனைக்கு ஊரைக் கூப்பிட்டுவிட்டு, ஆராதனை தொடங்கும்போது அவர்கள் மட்டும் நழுவிவிடுவார்கள்.

பிட்டன் என்ற கிராமத்தில் ஊழியம் செய்த எல்லகோம் என்ற பாதிரியாருக்கு இது பொறுக்கவில்லை. 1821-ல் அவர் ஒரு யுக்தி செய்தார். மணிகளை அசையாமல் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுத்தியல் வைத்து, எல்லாச் சுத்தியல்களின் கயிறுகளையும் கீழே ஒரே சட்டத்தில் கட்டினார். இனி ஒருவரே எல்லா மணிகளையும் அடிக்கலாம். முரட்டு ஆட்களின் தயவு வேண்டாம். வேறு பல கோயில்களும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டன. ஆனால் சுழலும் மணியின் முழக்கம் சுத்தியல் தட்டலில் வரவில்லை.

எல்லகோம் மணியை வெறுத்தவர் அல்ல. டெவன் பகுதி மணிகளைப் பற்றி 1872-ல் பெரிய புத்தகமே எழுதியவர். வித்தையின் மேல் அவருக்குக் கோபமில்லை. வித்தைக்காரனின் நடத்தையில்தான் கோபம். பிறகு வந்த குருமார் சிலர் வேறு வழி கண்டார்கள். தாங்களே கயிற்றைப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவரான ராபின்சன், 1905-க்குள் ஆயிரம் நீண்ட முழக்கங்களில் கலந்துகொண்டிருந்தார். கூட நின்று வியர்வை சிந்துகிறவரிடம் யார் சண்டைக்குப் போவார்கள்?

சண்டை அதோடு தீர்ந்துவிடவில்லை. 2016 அக்டோபரில் யார்க் பேராலயத்து நிர்வாகம், சம்பளமில்லாமல் மணியடித்துவந்த சுமார் முப்பது பேரை ஒரே நாளில் விலக்கியது. பாதுகாப்பும் ஒழுங்கும் கருதி என்றது நிர்வாகம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றார்கள் அவர்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அந்தச் சுழல் மணிகள் மௌனமாயிருந்தன. 2017-ல் புதிய குழு வந்த பிறகே மீண்டும் முழங்கின.

குருவின் கட்டளைக்கு விரோதமாக எந்த மணியும் ஒலிக்கக் கூடாது என்பது இங்கிலாந்துத் திருச்சபையின் விதி. ஆகவே வழக்கில் சாவிதான் ஜெயிக்கும். ஆனால் மணி அடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் சாவி போதும். அடி என்று சொல்வதற்கு, கயிற்றைப் பிடிக்க மனமுள்ள ஓர் ஆள் வேண்டும்.