குடகு மொழி

குடகு மொழி, கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் வழங்கும் தென் திராவிட மொழி. பேசுவோர் இதைக் 'கொடவ தக்கு' என்பர். தக்கு என்றால் சொல், பேச்சு. கொடவர்க்கு மட்டுமன்றி அய்ரி, ஹெக்கடே போன்ற பிற குடகுச் சமூகத்தாருக்கும் இதுவே வீட்டு மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 1,13,857 பேர். பெங்களூரிலும் மைசூரிலும் குடியேறிய குடும்பங்கள் பல.

இதற்கு எழுந்த பழைய இலக்கண நூல் ஒன்று அச்சானதும் பெங்களூரில்தான். குடகின் கண்காணிப்பாளராக இருந்த கேப்டன் ஆர். ஏ. கோல் எழுதிய அந்தச் சிறு நூலை வெஸ்லியன் மிஷன் அச்சகம் 1867இல் வெளியிட்டது. துளு கலந்த கன்னடக் கிளைமொழி என்றே பலரும் இதை எண்ணியிருந்த காலம் அது. கால்டுவெல்லும் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தில் இதற்குத் தனியிடம் தரவில்லை. 1875ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தனி மொழியாகச் சேர்த்துக்கொண்டார்.

இன்றைய வகைப்பாடு இதைத் தமிழ், மலையாளத்தின் பக்கம் வைக்கிறது. பத்து என்பதைக் கன்னடர் 'ஹத்து' என்பர், குடகர் 'பத்து' என்பர்; பாலும் அங்கே 'ஹாலு' ஆகவில்லை. ஆனால் உறவு ஒரே திசையில் ஓடவில்லை. தமிழில் 'செய்' என்று மாறிய வினை குடகில் 'கெய்' என்றே நிற்கிறது. அந்தப் பழைய ககரத்தைத் தமிழ் இழந்தது, குடகும் கன்னடமும் காத்தன. தமிழின் ழகரம் மட்டும் இங்கே ளகரமாகிவிட்டது. இரண்டு என்பது முதலெழுத்தை உதிர்த்து 'தண்டு' என ஒலிக்கிறது.

இம்மொழியின் தனித்தன்மை உயிரொலிகளில் இருக்கிறது. அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்தோடு, நாக்கை நடுவில் நிறுத்தி இதழ் குவியாமல் ஒலிக்கும் இரண்டு உயிர்கள் உண்டு. ஏழுக்கும் குறில், நெடில் இருப்பதால் மொத்தம் பதினான்கு. 1930களில் குடகில் களப்பணி செய்த மரே எமனோ, 1970இல் இவ்வுயிர்களின் பிறப்பைத் தனிக் கட்டுரையில் விளக்கினார். பழைய இகர, எகரங்களுக்குப் பின் ட, ண, ள போன்ற நாமடி ஒலி வந்தபோது நாக்கு பின்வாங்கியது. எட்டு, ஏழு, கேள் ஆகிய சொற்களின் உயிர்கள் நடு உயிர்களாயின. முன்னால் இதழொலி இருந்தாலோ உயிர் குவிந்துவிட்டது: பெண் 'பொண்ணு' ஆனாள். இந்தப் பொண்ணு நமக்கும் பழக்கமானவள்தான். எட்டு என்று சொல்லும்போது தமிழர் நாவும் சற்றே பின்னுக்குப் போகிறது. ஆனால் தமிழில் அது உச்சரிப்பு நிறம் மட்டுமே, குடகில் தனி ஒலியன். சொல்லிறுதியில் வரும் நடு உயிரை நம் குற்றியலுகரத்தைக் கொண்டு ஓரளவு உணரலாம். சொல்லின் முதலசையில், அதுவும் நெடிலாக, அதைச் சொல்வதுதான் நமக்குச் சிரமம்.

வரிவடிவத்தில் சிக்கல் தீரவில்லை. கொரவண்ட அப்பய்யா 1887இல் தனி எழுத்துமுறை ஒன்றை அமைத்தார். 2005இல் கிரெக் காக்ஸ் இன்னொன்றை உருவாக்கினார். ஆனாலும் நடிகேரியண்ட சின்னப்பா நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1924இல் வெளியிட்ட 'பட்டோலெ பளமெ' முதல் இன்றைய நூல்கள் வரை பெரும்பாலானவை கன்னட எழுத்திலேயே வருகின்றன. அந்த எழுத்தில் நடு உயிர்களுக்கெனக் குறி கிடையாது. சாதாரண ஏகாரத்தையும் 'கேள்' என்பதன் நடு உயிரையும் ஒரே எழுத்தால்தான் எழுதவேண்டியிருக்கிறது.