தாய்வீடு சென்ற குற்றம்

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வது தமிழ்ப் பெண்ணின் மிகப் பழைய வழக்கம். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வாழ்ந்த பலருக்கு அத்தாய்வீடு திருச்சியிலோ சேலத்திலோ புதுக்கோட்டையிலோ இருந்தது. தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குவாள். பிள்ளைக்குச் சற்றுப் பலம் வந்தபின் லயத்துக்குத் திரும்புவாள். இவ்வழக்கமே பிற்காலத்தில் அவள் கணவனின் பிரஜாவுரிமைக்குத் தடையாயிற்றென்றால் இன்றைய மாணவர் நம்பத் தயங்குவர்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கொல்லை, கொட்டகலை, மஸ்கெலியா உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்கு வலுச்சேர்த்தன. ஆட்சியாளரின் அச்சத்துக்கு வேர் இங்கேதான். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்தது. இம்மண்ணிற் பிறந்தது மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும். காடு வெட்டிக் கோப்பி நட்ட பூட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எழுதிவைத்தவர் யார்?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் வாயிலிற் காவல் கடுமையாயிருந்தது. 1946க்கு முன் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வசித்திருக்கவேண்டும். ஒருமுறை பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கினால் அத்தொடர் அறுந்தது. மனைவியும் வயதுவராப் பிள்ளைகளும் இங்கேயே வாழ்ந்திருக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. கொழுந்து பறிக்கப் போகும் தாய், கைக்குழந்தையை ஊரில் அம்மாயியிடம் விட்டுவந்திருந்தால், அக்குழந்தையே தந்தையின் விண்ணப்பத்துக்கு எதிர்ச்சாட்சியாகலாம். பெற்றோருக்கு அனுப்பிய மணியோடரும் ஊரில் வாங்கிய கால்காணியும், “நிரந்தரமாய்க் குடியேறும் எண்ணம் இவனுக்கு இல்லை” என்று வாதிக்க உதவின. துரைமாரின் பிள்ளைகள் இங்கிலாந்திற் படித்ததையும் கம்பெனிகளின் இலாபம் லண்டனுக்குப் போனதையும் எவரும் விசுவாசத் தராசில் இட்டுப் பார்க்கவில்லை.

1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் அதிகம். 1964 அளவில் பிரஜாவுரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜாவுரிமையோடு பிணைத்துவிட்டமையால், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் முன்பு வென்ற ஏழில் ஒன்றேனும் எஞ்சவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1948இன் சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, ஒப்பந்தம் ஒப்பமிடப்பட்டபோது அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. நமது பக்கத்து வரலாற்றை எழுதுவோர் இதனை விழுங்கிவிடுதல் தகாது.

அக்கரையில் உறவு உண்டென்று உரிமை மறுத்த அரசே, பிறகு அக்கரையில் உறவை உண்டாக்கிற்று. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. மகள் இங்கே, தாய் நீலகிரியில். அட்டன் புகையிரத நிலையத்தில் விடைபெற்றோருட் பலர் மீண்டும் சந்திக்கவேயில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. மனைவி எங்கே பிள்ளை பெற்றாள் என்று அது கேட்கவில்லை. 1949இல் விண்ணப்பம் எழுதியோருட் பெரும்பாலோர் அதற்குள் தேயிலையடியில் உறங்கிவிட்டனர்.