ஈப்போ மலைகளும் இலெமூரியாவும்

கிந்தாப் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்குச் சுண்ணாம்புக் குன்றுகள் புதியன அல்ல. தைப்பூச நாளில் நம்மவர் காவடி ஏந்திச் செல்லும் ஈப்போ கல்லுமலைக் கோயில் அத்தகைய குன்றொன்றில்தான் அமைந்துள்ளது. அக்குன்றுகளின் கல் கடலடியில் பிறந்தது. ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் நெடுங்காலம் படிந்து இறுகியதே சுண்ணாம்புக் கல். கடலடி மலையானது எவ்வாறு? இவ்வினாவுக்கு அறிவியலார் விடை கண்ட வரலாறு, தமிழர் போற்றும் ஒரு பெயரையும் தொட்டுச் செல்கிறது. அதுவே இலெமூரியா.

இலெமூரியா தமிழ் நூல்களில் தோன்றிய சொல் அன்று. 1864ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலறிஞர் அதனைப் படைத்தார். இலெமூர் என்னும் விலங்கு மடகாஸ்கர் தீவில் வாழ்கிறது. அதன் உறவினமாகிய தேவாங்கு தென்னிந்தியாவில் வாழ்கிறது. இடையில் இருப்பதோ பெருங்கடல். கண்டங்கள் நகரா என்று நம்பிய காலம் அது. ஆகவே, இரண்டையும் இணைத்த நிலமொன்று கடலுள் மூழ்கியிருக்க வேண்டும் என அவர் கருதினார். சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் கூறும் கடல்கோளோடு அக்கருத்தைப் பின்னாளில் தமிழறிஞர் சிலர் இணைத்தனர். குமரிக்கண்டமே இலெமூரியா என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது என 1912ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர் கூறினார். ஒரே வகைச் செடியின் கற்பதிவுகள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைப்பதை அவர் சான்றாகக் காட்டினார். கண்டத்தை நகர்த்தும் விசை எது என்று கேட்டோர்க்கு நிறைவான விடையை அவரால் தர இயலவில்லை. பலர் அவர் கருத்தை ஏற்க மறுத்தனர். 1930ஆம் ஆண்டில் கிரீன்லாந்தின் பனிவெளியில் அவர் உயிர் துறந்தார்.

விடை கடலடியிலிருந்தே வந்தது. நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிய பாறை தோன்றி இருபுறமும் விலகுகிறது என்னும் கருத்தை 1962ஆம் ஆண்டில் ஹாரி ஹெஸ் வெளியிட்டார். அத்தொடர்களின் இருமருங்கும் காந்தப் பதிவுகள் ஒத்திருப்பதற்கு மறுஆண்டே வைனும் மேத்யூஸும் விளக்கம் தந்தனர். 1968ஆம் ஆண்டிற்குள் நிலத்தட்டுக் கொள்கை உருப்பெற்றுவிட்டது. கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966ஆம் ஆண்டில் கூடியபோது, இலெமூரியாவின் தேவையே இவ்வாறு மறைந்துகொண்டிருந்தது. நிலங்களே விலகிச் சென்றன என்றால், இடையில் மூழ்கிய பாலம் எதற்கு? இந்தியப் பெருங்கடலின் அடியில் அத்தகைய பெருங்கண்டம் காணப்படவும் இல்லை.

இக்கொள்கை நம் பேராக் மாநிலத்தின் கதையையும் விளக்கியது. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவை இணைந்திருந்த பழம்பெருநிலத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து வந்த பெயர் அது. தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பகுதியும் அதன் துண்டே. பண்டைப் பனிக்கட்டி சுமந்துவந்து கடலில் இட்ட கற்கள் லங்காவித் தீவின் பாறைகளில் உள்ளன. அதே பனிக்கால வரலாற்றின் தடயம் ஒடிசாவின் தால்ச்சேரில் 1856ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது.

மேற்குத் துண்டு ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கே நகர்ந்தது. பின்னர்க் கிழக்குத் துண்டோடு மோதியது. அம்மோதலின் தழும்பு பெந்தோங், ரவூப் வழியாகச் செல்கிறது. மோதலில் கடலடிப் படிவுகள் மடிந்து உயர்ந்தன. கீழிருந்து எழுந்த பாறைக்குழம்பு கருங்கல்லாக இறுகித் தித்திவாங்சா மலைத்தொடரின் உடலாயிற்று. அக்கருங்கல்லோடு வந்த ஈயமே மழைநீரில் அரிக்கப்பட்டுக் கிந்தாப் பள்ளத்தாக்கில் படிந்தது. ஈப்போ நகரை வளர்த்தது அந்த ஈயம். இந்தியாவோ மிகப் பின்னரே, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆசியாவோடு மோதி இமயத்தை எழுப்பியது.

இரப்பர்த் தோட்டங்களில் உழைக்க நம் முன்னோர் கடல் கடந்து வந்தனர். அவர்கள் விட்டுவந்த மண்ணும் வந்து சேர்ந்த மண்ணும் ஒரு காலத்தில் ஒரே பெருநிலத்தைச் சேர்ந்தவை. ஆயின், அக்காலத்தில் மனிதன் இல்லை. மனித இனத்தின் வயது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே. கோடிகளில் எண்ணப்படும் நிலப்பெயர்ச்சியோடு தமிழர் வரலாற்றை இணைத்தல் பொருந்துமா?

அதனால் கடல்கோள் செய்தி வெறும் கற்பனை ஆகிவிடாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவிற்குத் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் உயர்ந்து கரைநிலங்களை விழுங்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவின் அருகே நிலத்தட்டுகள் அசைந்தபோது நாகப்பட்டினமும் பினாங்கும் ஒரே நாளில் அலைக்கு இரையாயின. கடல் நிலத்தைக் கொள்ளும் என்பதைக் கரையோர மக்கள் கண்டறிந்தே இருப்பர். எனினும், கரை அழிவது வேறு, கண்டம் அழிவது வேறு.

ஆசிரியர்கள் சிலப்பதிகாரத்தை இலக்கியமாகவும், இலெமூரியாவை அறிவியல் கைவிட்ட ஒரு கருதுகோளாகவும் கற்பிக்க வேண்டும். தமிழின் தொன்மையைச் சங்கப் பாடல்களும் தமிழிக் கல்வெட்டுகளும் ஐயமின்றிக் காட்டுகின்றன. தமிழ்ப்பள்ளியில் பயிலும் மாணவன் நாளை பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்கும்போது, தமிழாசிரியர் சொன்னது பிழை என்று உணர நேர்ந்தால், அவர் சொன்ன மெய்களையும் அவன் ஐயுறுவான். நம் மொழிக்கு அத்தகைய இழப்பு நேர நாம் காரணமாதல் ஆகாது.